பிளக் விழுந்தும் சினை தங்காத சுண்டெலி: ஆண் வாடையும் முதல் ஐந்து நாளும்

காலையில் பிளக் (புணர்ச்சிக்குப் பின் பெண்ணின் யோனியில் உறைந்து நிற்கும் அடைப்பு) பார்த்தாயிற்று, ஏட்டில் தேதி போட்டாயிற்று. பத்தாம் நாள் தராசில் வைத்தால் எடை ஏறவே இல்லை. சுண்டெலி இனப்பெருக்கத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆணைச் சந்தேகிப்பார்கள், தீவனத்தை மாற்றிப் பார்ப்பார்கள். இடையில் அந்தப் பெண்ணின் மூக்குக்கு வேறோர் ஆணின் வாடை எட்டியதா என்று கேட்க மட்டும் தோன்றாது.

சுண்டெலிக்குப் புணர்ச்சி முடிந்ததும் சினை உறுதியாகிவிடுவதில்லை. கரு கருப்பைச் சுவரில் பதியும்வரை, அதாவது ஏறத்தாழ ஐந்து நாளுக்கு, எல்லாம் ஊசலில்தான் இருக்கிறது. அந்த ஐந்து நாளில் கூண்டுக்குள் என்ன வாடை நுழைகிறது என்பதை நீங்கள் கையில் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் நான்கு பெயர்கள்

ஆய்வுக்கூடத்தில் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பேசுவார்கள், அதனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெண்களை மட்டும் நெருக்கமாக ஒரே கூண்டில் வைத்தால் அவற்றின் பருவச் சுழற்சி தடுமாறும். நான்கைந்து சேர்ந்திருந்தால் பொய்ச் சினை, அதாவது கரு இல்லாமலே உடல் சினைபோல் நடந்துகொள்ளும் நிலை, வரும். கூட்டம் பெரிதானால் சுழற்சியே நின்றுபோகும். இது 1955-இல் வான் டெர் லீ, பூட் ஆகிய இருவர் சொன்ன லீ-பூட் விளைவு. அப்படித் தடுமாறி நிற்கும் பெண்களுக்கு ஆணின் சிறுநீர் வாடை பட்டால் பலவும் ஒன்றாகப் பருவத்துக்கு வரும், அதுவும் பெரும்பாலும் மூன்றாம் இரவில். விட்டன் 1956-இல் கண்ட விட்டன் விளைவு இது. வயதுக்கு வராத பெண் குட்டிகள் வளர்ந்த ஆணின் வாடை பட்டால் சீக்கிரம் பருவமடைவது வான்டன்பர்க் விளைவு.

நான்காவதுதான் இங்கே முக்கியம். லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த ஹில்டா புரூஸ் 1959-இல் ஒன்றை எழுதினார்: புதிதாக இணைசேர்ந்த பெண்ணை அதன் துணையிடமிருந்து பிரித்து, அறிமுகமில்லாத ஆணின் அருகே வைத்தால் சினை நிற்பதில்லை, சில நாளில் அது மறுபடி பருவத்துக்கு வந்துவிடுகிறது. இதுதான் புரூஸ் விளைவு. மூளையில் வாடையை உணரும் பகுதியான முகர்வுக் குமிழை அகற்றிய பெண்களுக்கு இது நடக்கவில்லை என்று அடுத்த ஆண்டே காட்டினார்கள். ஆணைப் பார்க்கவோ தொடவோ தேவையில்லை, அதன் சிறுநீர் பட்ட படுக்கைத்தூள் போதும்.

உடலுக்குள் நடப்பது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

சுண்டெலியின் பருவச் சுழற்சி 4 முதல் 5 நாள். முட்டை வெளியான இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம், புணர்ச்சி நடக்காவிட்டால், உருப்படியாக வேலை செய்யாமலே வாடிவிடும். புணர்ச்சியின்போது கருப்பைக் கழுத்தில் படும் தூண்டுதல் மூளைக்குப் போய், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து நாளுக்கு இரண்டு முறை புரோலாக்டின் என்ற ஹார்மோன் அலையைக் கிளப்புகிறது. அந்தப் புரோலாக்டின்தான் கார்பஸ் லூட்டியத்தை உயிரோடு வைத்துப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. புரோஜெஸ்டிரோன் இல்லாமல் கருப்பைச் சுவர் கருவை ஏற்காது.

அந்நிய ஆணின் வாடை இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியை அறுக்கிறது. மூக்கின் அடித்தளத்தில் வோமெரோநேசல் உறுப்பு என்ற தனி முகர்வுக் குழாய் இருக்கிறது. காற்றில் சட்டென்று பரவாத, கனமான புரதங்களையும் பெப்டைடுகளையும் அது பிடிக்கும். அங்கிருந்து செய்தி துணை முகர்வுக் குமிழுக்கும் (முகர்வுக் குமிழோடு ஒட்டிய கூடுதல் பகுதி), மூளையின் உட்பகுதிகளான அமிக்டலாவுக்கும், ஹைப்போதலாமஸுக்கும் போகிறது. ஹைப்போதலாமஸில் டோபமின் கூடுகிறது. டோபமின் கூடினால் புரோலாக்டின் இறங்கும். பிறகு கார்பஸ் லூட்டியம் வாடும், புரோஜெஸ்டிரோன் சரியும், பதியக் காத்திருந்த கரு வீணாகும். டோபமின்போலச் செயல்படும் புரோமோகிரிப்டின் மருந்தும் இதே வேலையைச் செய்யும். புரோலாக்டினையோ புரோஜெஸ்டிரோனையோ வெளியிலிருந்து கொடுத்தால் அந்நிய ஆண் பக்கத்தில் இருந்தாலும் சினை தப்பிக்கும்.

தன் துணையின் வாடையே ஏன் சினையைக் கலைப்பதில்லை? புணர்ச்சியின்போது துணை முகர்வுக் குமிழில் நார்அட்ரினலின் சுரந்து, அந்த வேளையில் மூக்கில் இருந்த ஆணின் வாடை நினைவில் பதிந்துவிடுகிறது. பதிந்த வாடை அதன் பிறகு ஹைப்போதலாமஸ்வரை போவதில்லை. இந்த நினைவு ஊன்ற, புணர்ச்சிக்குப் பிறகும் மூன்று நான்கு மணி நேரம் அந்த ஆணோடு இருக்க வேண்டும். நள்ளிரவில் அவசரப்பட்டு ஆணை எடுத்துவிடாதீர்கள் என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான்.

வாடையில் இருக்கும் அடையாளம் பெரும்பாலும் மரபு வழிப்பட்டது. எம்எச்சி (உடலின் தன் அடையாளத்தைக் காட்டும் நோயெதிர்ப்பு மரபணுத் தொகுதி) வகைப் பெப்டைடுகளுக்கும், ஆணின் கண்ணீரில் வரும் ஈஎஸ்பி1 என்ற பெப்டைடுக்கும் இதில் பங்கு உண்டு. புதியவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது: நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து உருவாக்கிய உட்கலப்பு வரிசையில் எல்லா ஆண்களும் மரபில் ஏறக்குறைய ஒன்றுதான். சி57 பிளாக் 6 என்ற வரிசையைச் சேர்ந்த ஓர் ஆணோடு சேர்ந்த பெண்ணுக்கு இன்னொரு சி57 பிளாக் 6 ஆண் பெரிய அந்நியன் இல்லை. பால்ப்/சி என்ற வேறு வரிசை ஆண் அந்நியன்தான். விதைநீக்கிய ஆணோ பருவமடையாத ஆணோ இந்த விளைவைத் தருவதில்லை, ஏனென்றால் டெஸ்டோஸ்டிரோன் இல்லாத சிறுநீரில் அந்த வாடை இருக்காது.

இணை சேர்க்கும் முன்

பெண்ணுக்கு 8 வாரமாவது ஆகியிருக்கட்டும். ஆணும் 8 வாரம் தாண்டியிருக்க வேண்டும். சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே அதைத் தனிக்கூண்டில் வையுங்கள். கூட்டத்தில் அடங்கிக் கிடந்த ஆண், தனியே வந்தவுடன் முதல் இரவிலேயே வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம்.

எந்த இரவை எடுத்தாலும், சுழற்சிக் கணக்குப்படி பத்துப் பெண்களில் இரண்டு அல்லது மூன்றுதான் பருவத்தில் இருக்கும். பத்தையும் கண்மூடித்தனமாகச் சேர்த்துவிட்டு எட்டு பிளக் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு வழி உண்டு.

ஒன்று, விட்டன் விளைவைப் பயன்படுத்துவது. பெண்களை ஆண் வாடை படாமல் நான்கைந்தாக ஒரு கூண்டில் பத்து, பதினான்கு நாள் வையுங்கள். பிறகு, மூன்று நாளாகத் தூள் மாற்றாத ஆண் கூண்டிலிருந்து ஒரு கைப்பிடி ஈரத்தூளை எடுத்துப் பெண்களின் கூண்டில் போடுங்கள். எந்த ஆணோடு சேர்க்கப்போகிறீர்களோ அதே ஆணின் தூளாக இருந்தால் நல்லது. மூன்றாம் நாள் மாலை சேருங்கள். பாதிக்குப் பாதி பிளக் கிடைத்தால் திருப்திப்படலாம்.

இரண்டாவது, பார்த்துத் தேர்ந்தெடுப்பது. வாலின் அடியைப் பிடித்துத் தூக்கி, முன்கால்களைக் கூண்டின் கம்பி மூடியில் பற்றவிட்டு, நல்ல வெளிச்சத்தில் யோனித் திறப்பைப் பாருங்கள். வீங்கி, இளஞ்சிவப்பாக, ஈரமாக, அகலத் திறந்திருந்தால் பருவம் நெருங்கிவிட்டது. வெளிறி, ஒட்டி, சிறுத்திருந்தால் இன்று வேண்டாம். நிச்சயம் வேண்டுமென்றால் ஸ்மியர், அதாவது யோனிச் செல் மாதிரி, எடுக்கலாம்: 20 மைக்ரோலிட்டர் உப்புக்கரைசலைத் திறப்பின் வாயிலேயே விட்டு உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டாக வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். உருண்டையான, உட்கரு தெரியும் செல்கள் என்றால் புரோஎஸ்ட்ரஸ் (பருவத்துக்கு முந்தின கட்டம்), அன்று இரவே சேர்க்கலாம். உட்கரு இல்லாமல் காய்ந்த செதில் போன்றவை நிறைந்திருந்தால் எஸ்ட்ரஸ் (பருவம்). சின்னச் சின்ன வெள்ளணுக்களாகவே இருந்தால் டைஎஸ்ட்ரஸ் (பருவமில்லாத இடைக்கட்டம்). முனையை உள்ளே தள்ளிக் கருப்பைக் கழுத்தைத் தொட்டுவிடாதீர்கள். பெண்ணின் உடல் அதைப் புணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு பொய்ச் சினைக்குப் போய்விடும். பத்துப் பன்னிரண்டு நாள் வீண்.

சேர்க்கும் இரவும் மறுநாள் காலையும்

எப்போதும் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆணை இடம் மாற்றினால் அது புதுக்கூண்டை மோந்து, சிறுநீர்க் குறி வைத்து முடிப்பதற்குள் இரவு போய்விடும். ஓர் ஆணுக்கு ஒன்று அல்லது இரண்டு பெண்கள். அந்த ஆணின் கூண்டை முந்தின நாள் சுத்தம் செய்ய வேண்டாம்.

காலை ஆறு மணிக்கு விளக்கு எரிந்து மாலை ஆறுக்கு அணையும் அறையில் புணர்ச்சி நள்ளிரவை ஒட்டி நடக்கும். விளக்கு எரிந்த ஓரிரு மணிக்குள் பிளக் பாருங்கள். ஆணின் துணைச் சுரப்பிகளின் நீர் உறைந்து உண்டாகும் அடைப்பு அது: பாலாடை நிறத்தில், மெழுகுபோல் கெட்டியாக, திறப்பை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் உள்ளடங்கி இருக்கும். மழுங்கிய முனையால் மெதுவாகத் தொட்டால் கட்டி தட்டுப்படும். நண்பகலுக்குள் உதிர்ந்துவிடக் கூடியது என்பதால் மதியம் பார்த்து ‘இல்லை’ என்று எழுதும் பதிவுக்கு மதிப்பில்லை. பிளக் கண்ட நாளின் நண்பகலை 0.5 நாள் என்று கணக்கிடுங்கள். கரு பதிவது 4.5 நாள் வாக்கில்.

பிளக் என்பது புணர்ச்சிக்குச் சாட்சி, சினைக்குச் சாட்சி ஆகாது. ஏட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

ஐந்து நாள் காவல்

வசதி இருந்தால், பிளக் கண்ட பெண்ணை ஆறாம் நாள்வரை அதே ஆணோடு விட்டுவைப்பதுதான் மிகப் பத்திரம். துணை கூடவே இருந்தால் அந்நிய வாடையின் வேகம் குறையும். பிரித்தே ஆக வேண்டுமென்றால் கழுவிய கூண்டில் புதுத்தூள் போட்டு, துணையின் கூண்டிலிருந்து கொஞ்சம் கூட்டுப் பஞ்சையும் எடுத்துச் சேர்த்து வையுங்கள். வேறோர் ஆண் இருந்த கூண்டைத் தூளை மட்டும் கொட்டிவிட்டுக் கொடுப்பது, அந்த ஆணையே உள்ளே விடுவதற்குச் சமம்.

அறைக்குள் வேலை வரிசை: முதலில் 0 முதல் 5 நாள் பெண்கள், பிறகு மற்றப் பெண்கள், கடைசியாக ஆண்கள். வரிசை மாறிவிட்டால் கையுறையை மாற்றுங்கள். பிளக் நாளன்று பார்க்கும் ஒரு எடையைத் தவிர, இந்த நாட்களில் கூண்டு மாற்றம், எடை பார்ப்பது, காதுக்குறி இடுவது எதுவும் வேண்டாம்.

எடை டப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தராசின்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். காலையில் பத்து ஆண்களை அதில் போட்டு எடை பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு சொட்டு சிறுநீர் விட்டுப் போகும். ஆல்கஹாலில் நனைத்த தாளால் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்து பிளக் கண்ட பெண்ணை அதே டப்பாவில் இறக்குவார்கள். டப்பாவின் மூலையில் அது மூக்கை வைத்து விடாமல் மோப்பதைப் பாருங்கள், அங்கே என்ன இருக்கிறது என்று புரியும். ஆல்கஹால் ஆவியாகிவிடும், காய்ந்த புரதம் அப்படியே இருக்கும். சோப்புநீரில் கழுவினால்தான் போகும். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்று இரண்டு டப்பா வைத்து நிறத்தால் பிரித்துவிடுங்கள். அடுத்த அலமாரியில் இருக்கும் ஆணைவிட இப்படிப் பொதுவில் புழங்கும் டப்பா, இடுக்கி, தூக்குப்பெட்டி இவற்றின்மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும், ஏனென்றால் இந்த வாடை காற்றில் பரவுவதைவிடத் தொட்டு ஒட்டுவதே அதிகம். ஒரே ஒருமுறை மோந்ததால் எல்லாச் சினையும் கலைந்துவிடாது. புரோலாக்டின் அலை எழும் வேளைகளில் திரும்பத் திரும்பப் படும்போதுதான் விளைவு பலிக்கிறது. தினமும் எடை பார்க்கும் ஆய்வுத் திட்டங்களில் நடப்பது சரியாக அதுதான்.

திறந்த கூண்டு அறையாக இருந்தால் வேறு வரிசை ஆண்களை இந்தப் பெண்கள் இருக்கும் தட்டுக்கு மேலே வைக்காதீர்கள், தூள் உதிரும்.

சினையா என்று பார்ப்பது

பிளக் நாளன்று சேர்த்த அறையிலேயே ஒரு எடை, 10-ஆம் நாள் ஒரு எடை. நடுவில் வேண்டாம். சி57 பிளாக் 6 பெண்ணுக்கு இரண்டு கிராம் அளவுக்கு ஏறியிருந்தால் சினை என்றே கொள்ளலாம். பழகிய கை 11, 12-ஆம் நாள் வயிற்றைத் தடவி, கோத்த மணிபோல் உருண்டைகளை உணரும். இரண்டு வாரத்தில் கண்ணுக்கே தெரியும். ஈனுவது 19 முதல் 21 நாளில்.

தவறினால் எப்படித் துப்பறிவது

அந்நிய வாடையால் கலைந்த சினையையும் ஆணின் மலட்டுத்தன்மையால் நிற்காத சினையையும் பிரித்தறிய நாட்கணக்கு உதவும். புணர்ச்சி நடந்து கரு மட்டும் இல்லையென்றால் புரோலாக்டின் அலை வழக்கம்போல் ஓடும். பெண் பொய்ச் சினையில் இருந்து, 11 நாள் வாக்கில்தான் மறுபடி பருவத்துக்கு வரும். வாடை புரோலாக்டினையே அறுத்திருந்தால் அவ்வளவு நாள் காத்திராது, ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஆகவே எடை ஏறாத பெண்ணின் அடுத்த பருவ நாளைப் பாருங்கள். இரண்டாம் பிளக் முதல் பிளக்குக்கு ஐந்தாறு நாள் கழித்து விழுந்திருந்தால் வாடை வழியைத் தேடுங்கள். பத்து, பன்னிரண்டு நாள் கழித்து என்றால் ஆணைச் சோதியுங்கள். இந்த ஒரு கணக்கைப் போட்டாலே தேவையில்லாமல் ஆண்களை மாற்றுவது நின்றுவிடும். கருமாற்றத்துக்கு ஏற்கும் தாய் (வேறொரு பெண்ணின் கருவைச் சுமக்கும் பெண்) வேண்டும் என்று விந்துக்குழாய் அறுத்த ஆணோடு சேர்ப்பதும் இதே பொய்ச் சினையை நம்பித்தான். அந்தத் தாய்களுக்கும் வாடைக் காவல் அதே அளவு தேவை. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

10-ஆம் நாள் எடை ஏறி, பிறகு இறங்கினால் அது புரூஸ் விளைவாக இருக்க வழியில்லை. சினையின் நடுக்கட்டத்தில் நஞ்சுக்கொடியே புரோலாக்டின் வகை ஹார்மோனைச் சுரந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கருவின் மரபுக் குறை, தொற்று, அறையில் ஓயாத அதிர்வு என்று வேறு பக்கம் பாருங்கள்.

நாள் கடந்தும் ஈனாத பெண் இன்னொரு குழப்பம். குட்டி போட்ட ஒரு நாளுக்குள் சுண்டெலிக்கு மறுபடி பருவம் வரும், ஆண் கூடவே இருந்தால் அன்றே சேரும். ஆனால் பத்துக் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் போதாமல், கரு பதியாமல் கருப்பையில் சும்மா காத்திருக்கும். ஈனும் நாள் பல நாள், சில வேளை ஒரு வாரத்துக்கும் மேல், தள்ளிப்போகும். கலைந்துவிட்டது என்று முடிவுகட்டி அப்புறப்படுத்திவிடாதீர்கள்.

ஐந்து நாள் தாண்டிவிட்டது, இனி எந்த ஆணை வைத்தால் என்ன என்று நினைப்பதும் தவறு. புதிய ஆண் சினையைக் கலைக்காவிட்டாலும், பிறந்த குட்டிகளைக் கொன்றுவிடக்கூடும். இணைசேர்ந்த ஆணுக்கு அந்தக் குணம் ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, குட்டி பிறக்கும் தருவாயில், அடங்குகிறது. அது மணிக்கணக்கை வைத்து இல்லாமல், கடந்துபோன பகல்-இரவுகளை எண்ணி அடங்குகிறது என்று விளக்கு நேரத்தை மாற்றி வைத்து நடத்திய சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆண் சுண்டெலி நாள் எண்ணுகிறது!

குட்டிகளை 21-ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கும்போது ஆண், பெண் வேறாக்குங்கள். பெண் குட்டிகளை ஆண் வாடைக்கு அருகே வளர்த்தால் சீக்கிரம் பருவமடையும். பெண்கள் கூட்டமாக இருக்கும் கூண்டின் வாடையோ அதைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்துக்கு 2,5-டைமெதில்பைரசின் என்ற சிறுநீர்ச் சேர்மம் காரணம். வயது ஒத்த பெண்கள் ஆய்வுக்கு வேண்டுமென்றால் எல்லாக் கூண்டையும் ஆண்களிடமிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள்.

வேறு கொறிவிலங்குகள்

எலியில் சினைக்காலம் 21 முதல் 23 நாள். புரூஸ் விளைவு சுண்டெலிபோல் வெளிப்படையாக வராது. பிளக்கும் சீக்கிரம் உதிர்ந்து கீழ்த்தட்டில் கிடக்கும். அதனால் காலை ஸ்மியரில் விந்தணுவைத் தேடுவதே வழக்கம். தங்க வெள்ளெலிக்கு 16 நாள்தான். சேர்ந்து முடிந்ததும் ஆணை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பெண் கடித்துக் குதறிவிடும்.

குட்டை வால் கொண்ட கொறிவிலங்கான புல்வெளி வோலின் கதையே வேறு. இதன் பெண் ஆணின் சிறுநீர் மூக்கில் படாமல் பருவத்துக்கே வராது. மேலுதட்டில் ஒரு சொட்டு வைத்தாலே உள்ளே ஹார்மோன் மாற்றம் தொடங்கிவிடும். அந்நிய ஆண் வந்தால் கரு பதிந்த பிறகும் இதற்குச் சினை கலையும். சுண்டெலியின் ஐந்து நாள் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். சேர்த்த இணையைக் குட்டி போடும்வரை பிரிக்காமல் வையுங்கள், கூண்டு கழுவும் நாளிலும் இரண்டையும் ஒரே பெட்டியில் ஒன்றாகவே மாற்றுங்கள்.